இரண்டாவது ஆணி

ஊரில் அவரை ஓரத்தார் என்றுதான் கூப்பிடுவார்கள். கூரையின் ஓரப் பலகையைத் தவிர வேறெதையும் தொடமாட்டார் என்பதால் ஒட்டிக்கொண்ட பெயர். கதவு செய்யச் சொன்னால் ஆள் காட்டுவார். கட்டில் செய்யச் சொன்னால் கடை காட்டுவார். கூரையைத் தாங்கும் கைமரங்களின் நுனியை மறைத்துக்கொண்டு வீட்டைச் சுற்றி ஓடுகிறதே ஒரு பலகை, மழைத்தண்ணீரை வாங்கும் தகரம் தொங்குவதற்காகவே பிறந்த மாதிரி, அதில் ஈரம் ஏறி உளுத்துவிட்டது என்றால் மட்டும் ஏணியைத் தோளில் போட்டுக்கொண்டு வருவார். குணத்திலும் அப்படியே. பஸ்ஸில் இடம் காலியாக இருந்தாலும் சீட்டின் ஓரத்தில்தான் உட்காருவார். குடும்பப் போட்டோக்களில் அவருடைய ஒரு தோள் சட்டத்துக்கு வெளியே போயிருக்கும். மூன்று மாடி உயரத்தில் விசிலடித்துக்கொண்டு நடக்கிறவருக்கு யாராவது கைகுலுக்க வந்தால் வியர்த்துவிடும். பிடித்த கையை எப்போது விடுவது என்பது அவருக்கு இன்றுவரை பிடிபடாத விஷயம்.

வீட்டில் இருப்பது அவரும் தங்கச்சியும். அவருக்குக் கல்யாணம் ஆகவில்லை. தங்கச்சி ஜன்னலருகே தையல் மிஷினைப் போட்டுக்கொண்டு பள்ளிக்கூடப் பாவாடைகளுக்கும் திரைச்சீலைகளுக்கும் ஓரம் அடித்துக் கொடுக்கிறாள். ஆக, இரண்டு பேருமே ஓரத்தில் பிழைப்பவர்கள். நடுவில் என்ன இருக்கிறது என்று மட்டும் பேசிக்கொள்வதில்லை.

நடுவில் இருந்தவர் போய்ச் சேர்ந்துவிட்டார். தங்கச்சியின் புருஷன், ஓரத்தாருக்கு மச்சான். வேலையில் கூட்டாளியும் அவர்தான். இவர் அவரை மச்சான் என்பார், அவர் இவரை மச்சான் என்பார். ஏணிமேல் யார் யாரைக் கூப்பிடுகிறார்கள் என்று கீழே நிற்கிற வீட்டுக்காரர்களுக்குக் கடைசிவரை புரிந்ததில்லை.

தினமும் காலையில் தங்கச்சி டீ டம்ளரை நீட்டுவாள். ஓரத்தார் பிடிப்பார். அவள் விடமாட்டாள்.

"புடிச்சிக்கிட்டியா?"

"புடிச்சிட்டேன்."

"நல்லாப் புடிச்சியா? நான் விடலாமா?"

"விடு."

டீ ஆறினாலும் இந்தக் கேள்வி ஆறாது. இதை ஓரத்தார் குத்தலாகவே எடுத்துக்கொண்டார். 'நீ விட்டவன்தானே' என்று வாய்விட்டுச் சொல்லாமல் சொல்கிறாள் என்று நினைத்தார். வாய்விட்டுச் சொல்லியிருந்தால் ஒருநாள் சண்டையோடு போயிருக்கும். மரியாதையாகக் கேட்டதால் அது சாகாமல் வளர்ந்தது.

அவர் எதை விட்டார் என்பதைச் சொல்ல வேண்டும். ஓரப் பலகை நீளமானது. ஒற்றை ஆள் ஏற்ற முடியாது. ஆளுக்கொரு ஏணியில், ஆளுக்கொரு முனையில் நின்று பலகையைத் தோளில் முட்டுக்கொடுத்துத் தூக்குவார்கள். கன்னம் மரத்தோடு ஒட்டியிருக்கும்; திரும்பி மறுமுனையைப் பார்க்க வழியில்லை. கத்திச் சொன்னால் தெருச் சத்தம் விழுங்கிவிடும். அதனால் இருவரும் ஒரு ஏற்பாடு வைத்திருந்தார்கள். மச்சான் தன் முனையில் கீழே ஒரு ஆணி, மேலே ஒரு ஆணி என இரண்டு ஆணி இறக்குவார். பிறகு சுத்தியலின் பின்பக்கத்தால் பலகையில் மூன்று முறை தட்டுவார். சத்தம் மரம் வழியாக நேரே ஓரத்தாரின் காதுக்குள் வரும். 'என் பக்கம் நிற்கிறது, நீ தோளை எடுத்துவிட்டு உன் ஆணியை அடி' என்று அர்த்தம். வாயால் பேசினால் ஓயாமல் சண்டை போடுகிற இரண்டு பேருக்கு, மரத்தின் வழியாகப் பேசியவரைக்கும் ஒரு பிசகும் வந்ததில்லை.

ஒரு புது வீட்டில், ஒரு மத்தியானத்தில், மூன்று தட்டு கேட்டது. ஓரத்தார் தோளை எடுத்தார். பலகை அவர் பக்கம் சரிந்து இறங்கியது. மறுமுனை திருகிக்கொண்டு பிய்ந்து, மச்சானின் ஏணியை ஒரு உதை உதைத்தது. அவ்வளவுதான். கீழே சிமென்டுத் தரை.

மூன்று தட்டு கேட்டது என்று ஓரத்தார் எல்லோரிடமும் சொன்னார். எல்லோரும் தலையாட்டினார்கள். தலையாட்டுகிறவர்களை எப்போதாவது நம்ப முடியுமா? ஆறுதலுக்கும் ஆட்டுவார்கள், அவநம்பிக்கைக்கும் ஆட்டுவார்கள். போகப்போக அவருக்கே சந்தேகம் வந்தது. கேட்டதா? கேட்ட மாதிரி இருந்ததா? தோள் வலிக்கு மனசு தானாகத் தட்டிக்கொண்டதா?

இதற்குமேல் ஒரு கொடுமை. ஊரார் வீட்டு ஓரத்தையெல்லாம் நேராக்குகிறவரின் சொந்த வீட்டு ஓரம் ஒழுகியது. மழை விட்டபிறகு, பலகை உளுத்த மூலையில் தண்ணீர் சேர்ந்து, கீழே தொங்கும் தகரத்தில் சொட்டும். டக், டக், டக். பிறகு ஒரு நிறுத்தம். மறுபடியும் டக், டக், டக். தகரம் வளைந்து கிடந்ததால் தண்ணீர் நிறைந்து வழிய நேரம் பிடிக்கிறது, அதனால் அந்த இடைவெளி. இதை ஓரத்தார் யாருக்கு வேண்டுமானாலும் விளக்கிக் காட்டுவார். அவருக்குப் பேய் பிசாசில் நம்பிக்கை கிடையாது. ஆனால் அந்தச் சத்தம் வந்தால் கையில் எது இருந்தாலும் இறுக்கிப் பிடித்துக்கொள்வார். ஒருமுறை அது தங்கச்சி வெட்டிவைத்த புதுத் திரைச்சீலை, கசங்கிப்போய்விட்டது.

"அந்த மூலையச் சரி பண்ணிடறேன். ஒரு நாள் வேலை," என்று பலமுறை சொல்லிப் பார்த்தார்.

"வேண்டாம்."

"உளுத்துப் போய்க் கெடக்கு."

"கெடக்கட்டும். அதுல கை வெச்சே, நான் இந்த வீட்டுல இருக்க மாட்டேன்."

இதுவும் தண்டனைதான் என்று அவர் வாங்கிக்கொண்டார். அண்ணன் காதில் அது விழுந்துகொண்டே இருக்கட்டும் என்று வைத்திருக்கிறாள். நியாயம்தானே.

அந்தப் புது வீடு இருந்த தெருவுக்குள் ஓரத்தார் அதற்குப்பிறகு போனதே இல்லை. மரக்கடைக்கு அதுதான் குறுக்குவழி. இவர் சுற்றிக்கொண்டுதான் போவார். போயிருக்கவே மாட்டார், கடைவாய்ப் பல் ஒன்று சொத்தையாகாமல் இருந்திருந்தால்.

பல் டாக்டரம்மா பேச்சுக்காரி. ஊசி போட்டு, பல்லைப் பிடுங்கி, குழியில் பஞ்சைத் திணித்து, கடித்துக்கொள்ளச் சொல்லிவிட்டு ஆரம்பித்தாள்.

"நீங்கதானே ஓரத்தார்? உங்களத்தான் தேடிக்கிட்டிருந்தேன். போன வருஷம் ஒரு வீடு வாங்கினேன். கூரை ஓரத்துல பெயின்ட் கொப்புளம் கொப்புளமா வருது, தொட்டா பொதபொதன்னு இருக்கு. வந்து பார்க்கிறீங்களா?"

"ம்ம்."

"தண்ணித் தொட்டிக்கு எதிர்த்தாப்பல, முக்கு வீடு. முன்பக்கம் நீலக் கதவு."

ஓரத்தாரின் கண்கள் விரிந்தன. முக்கு வீடு. தண்ணித் தொட்டி. அவர் பலமாகத் தலையை ஆட்டினார், கையை ஆட்டினார், "ம்ம்ம்! ம்ம்ம்!" என்றார்.

"அட, இவ்வளவு ஆர்வமா? சரி, நாளைக்கே வாங்க. இப்ப வாயத் தொறக்கக் கூடாது, ரத்தம் வரும்," என்றாள் டாக்டரம்மா.

மனிதன் வாயில் பஞ்சோடு ஒப்புக்கொண்ட வேலையை மறுநாள் பஞ்சில்லாமல் மறுக்கலாம். ஓரத்தாரும் மறுக்கத்தான் போனார். ஆனால் பழக்கதோஷத்தில் ஏணியையும் எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

வீடு சுருங்கியிருந்தது. அத்தனை காலமாக அவர் நினைப்பில் அது கோபுரம் மாதிரி நின்றுகொண்டிருந்தது. நேரில் பார்த்தால் ஒற்றை மாடிச் சாய்வுக்கூரை வீடு. சிமென்டுத் தரையில் யாரோ பூந்தொட்டி வரிசை வைத்திருந்தார்கள். பலகையை நிமிர்ந்து பார்த்தார். உளுத்திருந்தது எந்த முனை என்று தெரிய ஏணி தேவைப்படவில்லை. மச்சான் நின்ற முனை. தகரத்தின் சரிவைத் தப்பாக வைத்திருக்கிறார்கள். தண்ணீர் எல்லாம் அங்கே போய்த்தான் நின்றிருக்கிறது.

"புடுங்கணுமா, அடைச்சாப் போதுமா?" என்று கேட்டாள் டாக்டரம்மா.

"ஏறிப் பார்த்தாத்தான் தெரியும்," என்றது அவருடைய வாய். மறுக்க வந்த வாய்தான்.

ஏறினார். திருப்புளியால் பலகையைக் குத்தினார். ரொட்டியில் இறங்குகிற மாதிரி இறங்கியது. பெயின்ட் தோல் மட்டும் நின்றது, உள்ளே மாவு. அப்போதுதான் அது அவருக்கு உறைத்தது. விழுந்த அதே பலகையைத்தான் பிறகு வந்த யாரோ எடுத்து மாட்டியிருக்கிறார்கள். மச்சான் இரண்டு ஆணியும் அடித்துவிட்டுத் தட்டினாரா, அவர் அடித்து முடிக்கும்முன்பே ஓரத்தார் விட்டாரா என்பதற்கு இருந்த ஒரே சாட்சி இந்த முனை. சாட்சியைத் தண்ணீர் தின்றுவிட்டது. கையில் அள்ளினால் தூளாக உதிர்ந்தது. அவருக்குச் சிரிப்பு வந்தது. ஏணியில் நின்றுகொண்டு சிரிப்பது நல்லதல்ல என்று அடக்கிக்கொண்டார்.

ஆனால் பலகைக்குப் பின்னால் கைமரம் இருக்கிறது. ஆணி பலகையோடு நிற்பதில்லை. கைமரத்துக்குள் போய்த்தான் உட்காரும். அன்று வீடு புதுசு. அந்தக் கைமரத்தில் அதற்குமுன் எதுவும் ஏறியதில்லை. பிறகு மாட்டியவர் ஸ்க்ரூ போட்டிருந்தார், தலை தெரிகிறது. அப்படியானால் உள்ளே ஆணி என்று ஒன்று இருந்தால் அது மச்சானுடையது.

மாவைச் சுரண்டி எடுத்தார். பலகைக்கும் கைமரத்துக்கும் நடுவே இடுக்கு. பக்கத்தில் கூரை ஓடுகளைத் தாங்கும் சட்டம். முகத்தை நுழைக்க முடியவில்லை.

"டாக்டரம்மா, வாய்க்குள்ள விட்டுப் பார்ப்பீங்களே, குட்டிக் கண்ணாடி, அது வீட்டுல இருக்குமா?"

"என்ன, கூரைக்கும் எங்க வைத்தியமா?" என்று சிரித்துக்கொண்டே போய் எடுத்து வந்து கொடுத்தாள். கூடவே ஒரு சின்ன டார்ச்.

நகம் அளவு வட்டக் கண்ணாடி. அதை இடுக்கில் விட்டு, வெளிச்சத்தைத் திருப்பினார். முதலில் தன் கண் தெரிந்தது. அது கொஞ்சம் பயமுறுத்தியது. பிறகு ஸ்க்ரூவின் தண்டு. பிறகு கீழே, ஒரு ஆணி. தலை மடங்கி, கைமரத்தோடு சேர்த்துத் தட்டிச் சப்பையாக்கப்பட்டு, துருப்பிடித்து. பின்னால் வந்தவருக்குப் பிடுங்கச் சோம்பல். தட்டி மடக்கிவிட்டுப் போயிருக்கிறார். உலகத்தில் சோம்பேறிகளும் உபயோகமானவர்கள்.

கண்ணாடியை மேலே நகர்த்தினார். மேல் ஆணி இருக்க வேண்டிய இடம் மழமழவென்று இருந்தது. ஓட்டை இல்லை, கீறல் இல்லை. மறுபடி துடைத்துவிட்டுப் பார்த்தார். இல்லை.

ஒரே ஒரு ஆணி. அப்படியானால் தட்டியது உண்மை என்றே அவருக்குப் பட்டது. ஆணியே அடிக்காத ஆள் தட்டமாட்டான். ஒன்றை அடித்துவிட்டு, இரண்டாவதற்குமுன் தட்டியிருக்கிறார். மூன்று தட்டும் கேட்டது. மனசு தட்டிக்கொண்டதல்ல.

ஓரத்தார் நிம்மதி அடைந்திருக்க வேண்டும். அதற்குப்பதில் அவருக்குக் கோபம் வந்தது. செத்தவர்மேல் வருகிற கோபத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது? எதிரில் நின்று திட்டவும் முடியாது, நாலு நாள் பேசாமல் இருந்து காட்டவும் முடியாது. "ஏன்டா மச்சான்?" என்று இடுக்குக்குள் கேட்டார். கீழேயிருந்து டாக்டரம்மா, "என்னையா கேட்டீங்க?" என்றாள்.

உளுத்த முனையை அறுத்தெடுத்து, நல்ல மரத்தில் துண்டு போட்டு, பிரைமர் அடித்து, தகரத்தின் சரிவைத் திருத்தி, வேலையை ஒழுங்காக முடித்தார். அந்தத் துருவாணியை மட்டும் கைமரத்திலிருந்து பெயர்த்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். போட்டபிறகுதான் வினை ஆரம்பித்தது. இதைத் தங்கச்சியிடம் காட்டுவதா? காட்டினால் இவர் மேலிருக்கிற பழி போகும். போய் எங்கே இறங்கும்? அவள் புருஷன் தலையில். வேலையில் சுத்தக்காரர் என்று ஊரே சொன்ன மனிதர், கடைசியில் ஒரு ஆணிக்குச் சோம்பி உயிரை விட்டார் என்று அவளிடம் எப்படிச் சொல்வது?

ஆணி சில நாட்கள் பையிலேயே இருந்தது. அவரால் ரகசியத்தைக் காப்பாற்ற முடியும். சட்டையை யார் துவைப்பது என்பதைத்தான் யோசிக்கவில்லை.

மழை பெய்து ஓய்ந்த ஒரு மாலையில் வீட்டுக்குள் நுழைந்தபோது தங்கச்சி மிஷின்முன் உட்கார்ந்திருந்தாள். மிஷின் ஓடவில்லை. தையல் பலகைமேல் ஆணி கிடந்தது. வெளியே மூலையில் டக், டக், டக்.

"எங்க எடுத்தே?"

"மரக்கடையில..."

"பொய் சொல்லாதே. உனக்கு அது வராது. டாக்டரம்மா வீடு தண்ணித் தொட்டிக்கு எதிர்க்கேன்னும், அங்க நீ வேலை பார்த்தேன்னும் திரைச்சீலை தைக்கக் குடுத்தப்பவே சொல்லிட்டாங்க."

ஓரத்தார் ஸ்டூலின் ஓரத்தில் உட்கார்ந்தார்.

"ஒண்ணுதான் இருந்திச்சா?" என்றாள்.

அவருக்கு முதலில் கேள்வி புரியவில்லை. புரிந்ததும் ஸ்டூலிலிருந்து பாதி எழுந்தார். "ஒண்ணுதான்னு உனக்கு எப்படித் தெரியும்?"

அவள் ஆணியைப் பார்த்துக்கொண்டே பேசினாள். "அவரு எப்பவுமே ஒண்ணு அடிச்சிட்டுத் தட்டிடுவாரு. எங்கிட்டச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பாரு. 'உங்கண்ணன் இருக்கானே, தட்டினதைக் கேட்டு, அதை யோசிச்சு, கையத் தொடச்சு, தோள எடுக்கறதுக்குள்ள எனக்கு ரெண்டாவது ஆணியும் ஏறிடும். எதுக்கு நேரத்த வீணாக்கணும்?' அப்படிம்பாரு. நானும் சேர்ந்து சிரிப்பேன்."

தன்னுடைய நிதானத்தை நம்பி ஒரு மனிதன் இத்தனை காலம் ஆணியடித்திருக்கிறான் என்பது ஓரத்தாருக்குப் புதுசு. அவரை அப்படி நம்பியவர்கள் வேறு யாரும் கிடையாது.

"அன்னிக்கு மட்டும் நான் ஏன் சட்டுன்னு விட்டேன்?" என்று தன்னையே கேட்பவர்போலக் கேட்டார்.

"நான்தான் விடச் சொன்னேன்."

"நீயா?"

"அன்னிக்குச் சாயங்காலம் நானும் அவரும் வாடகைக்கு வீடு பார்க்கப் போறதா இருந்திச்சு. காலைல வாசல்ல நின்னு உன்னைத்தானே கிண்டல் பண்ணேன்? 'அண்ணே, நீ ஒரு பலகைய விடறதுக்குள்ள பொழுது சாஞ்சிடும். இன்னிக்காவது கொஞ்சம் கைய சீக்கிரம் எடு.' மறந்துட்டியா?"

மறந்துதான் போயிருந்தார். அந்த நாளில் எல்லாவற்றையும் ஞாபகம் வைத்திருந்தார், அதைத் தவிர.

"அவரு செஞ்சதும் தெரியும், நான் சொன்னதும் தெரியும். ரெண்டும் தெரிஞ்ச ஒரே ஆளு நான்தான். நீ 'மூணு தட்டு கேட்டுச்சு, கேட்டுச்சு'ன்னு ஒவ்வொருத்தர் முன்னாலயும் நின்னே. ஆமாம்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். வாய் வரலை." மூக்கை உறிஞ்சிக்கொண்டாள். "தினம் டீ குடுக்கறப்ப மட்டும்தான் கேக்க முடிஞ்சுது. நல்லாப் புடிச்சியா, நான் விடலாமான்னு. அவசரப்பட்டு விட்டது நான்தானே."

வெளியே மறுபடி டக், டக், டக். இருவரும் காது கொடுத்தார்கள்.

"அப்ப அந்த மூலைய ஏன் தொட விடலை?"

அவள் கொஞ்சம் வெட்கப்பட்டாள். "அது தட்டும்போதெல்லாம் மனசுக்குள்ள கேப்பேன். 'ரெண்டாவது அடிச்சாச்சா?'ன்னு. அப்புறம் சத்தம் நின்னிடுதில்ல, அப்ப அடிக்கறாருன்னு நெனச்சுக்குவேன்."

அது தகரத்தின் வளைவால் வருகிற இடைவெளி என்று ஓரத்தார் விளக்கவில்லை. வாழ்க்கையில் முதல்முறையாக.

வெயில் வந்ததும் அவளே சொன்னாள்: "அந்த மூலையக் கழட்டிடலாம்ணே." வளைந்த தகரத்தைக் கழற்றி வாசலில் போட்டார்கள். உளுத்த பலகை கைபட்டதும் தானாக இறங்கியது. புதுப் பலகை நீளமானது. இரண்டாவது ஆள் வேண்டும்.

"யாரையாவது கூப்பிடட்டுமா?"

"ஏன், எனக்குக் கையில்லையா? ஆயுசு பூரா ஓரம்தானே அடிக்கறேன்," என்று தங்கச்சி சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு மறு ஏணியில் ஏறினாள். சுத்தியலை ஊசி பிடிப்பதுபோலப் பிடித்திருந்தாள். கீழே ஒன்று, மேலே ஒன்று, பிறகு தட்டு என்று அவர் சொல்லிக்கொடுக்க வாயெடுத்தார். "தெரியும்," என்றாள்.

ஓரத்தார் தன் முனையைத் தோளில் வாங்கினார். கன்னத்தை மரத்தில் வைத்தார். புது மரம், பிரைமர் வாசனை. அவள் அடிப்பது மரம் வழியாக வந்தது. கோணல் மாணலாக, நாலைந்து அடிக்கு ஒரு திட்டு. முதல் ஆணி இறங்கிவிட்டது தெரிந்தது. பிறகு அமைதி.

பிறகு, தெளிவாக, காதுக்குள்: டக், டக், டக்.

தோள் எழ ஆரம்பித்தது. பாதியில் நிறுத்தினார். வாயால் பேசாமலே செய்து பழகிய அந்த வேலையில் முதல்முறையாகக் கத்தினார்.

"ரெண்டும் அடிச்சிட்டியா?"

"எங்க? ரெண்டாவது ஆணி கீழ விழுந்திடிச்சு, வேற தேடிக்கிட்டிருக்கேன்," என்று மறுமுனையிலிருந்து குரல் வந்தது. "நான் இன்னும் தட்டவே இல்லையே. ஏன், என்ன கேட்டுச்சு?"

ஓரத்தார் வாசலைப் பார்த்தார். தகரம் காய்ந்து கிடந்தது. வானத்தில் ஒரு பொட்டு மேகம் இல்லை. தெருவில் ஒருவரும் இல்லை.

பேய் பிசாசில் நம்பிக்கையில்லாத அந்த மனிதர் தோளைப் பலகைக்கு இன்னும் அழுத்திக் கொடுத்தார்; கன்னத்தைத் திரும்பவும் மரத்தோடு ஒட்டவைத்தார்.

"அவசரப்படாத மச்சான்," என்றார் மெதுவாக, மரத்துக்குள். "அவ ஆணி தேடறா. நான் புடிச்சிருக்கேன்."